அம்மாவுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இரண்டு கண்ணிலும் புரை; ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைக்க வேண்டும். வீட்டில் பூ கட்டி விற்கிறார். சர்க்கரையும் உண்டு. 'மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே தேவைப்படாது' என்கிறார்கள். விலைதான் மலைக்க வைக்கிறது. கடன் வாங்கியாவது வைத்துவிடலாமா? லென்ஸ் எத்தனை வருடம் தாங்கும் டாக்டர்?

பதில்: கடன் வேண்டாம். மல்டிஃபோகல் (பல தூரங்களுக்கான) லென்ஸ், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. அதனால் மங்கலான வெளிச்சத்தில் துல்லியம் கொஞ்சம் குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் அந்த லென்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள்.

சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைத்துவிட்டு, படிக்கக் கண்ணாடி தருவோம். ஆனால் அம்மா பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நார் மடியில் இருக்கும்; கண்ணுக்கும் விரலுக்கும் ஒன்றரை அடி இருந்தால் அதிகம். லென்ஸ் பவரைக் கணக்கிடும்போதே கண்ணில் மைனஸ் 2 பவர் மிச்சம் வரும்படி வைத்தால், ஏறக்குறைய அந்தத் தூரம் வெறுங்கண்ணுக்கே தெளியும். தெருவில் நடக்க, டிவி பார்க்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். எது வசதி என்று அம்மாவையே கேளுங்கள் (பிள்ளைகள்தான் எப்போதும் பதில் சொல்கிறார்கள்!).

லென்ஸின் விலையைவிட, கண்ணை அளப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் பவர் இரண்டரை வரை மாறிப்போகும். பழைய கண்ணாடியில் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குத் தரும் பவர்) அதிகம் என்றால், அதையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். அதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

விலை குறைந்தால் தரமும் குறையுமோ என்ற பயம் வேண்டாம். மதுரையில் அரோலேப் நிறுவனம் 1992-இல் தொடங்கி, இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாமானியர் கைக்கு எட்டும் விலைக்கு அது வந்தது.

அப்புறம், லென்ஸ் ஆயுள் முழுக்கத் தாங்கும். 1949-இல் லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக வைத்ததே, விமானக் கண்ணாடிக்குப் பயன்பட்ட வகைப் பிளாஸ்டிக்தான். சில வருடம் கழித்து 'மறுபடி புரை வந்துவிட்டது' என்று சிலர் பதறி வருவார்கள். லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும், அவ்வளவுதான். யாக் லேசரில் சில நிமிட வேலை. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் பவர் எழுதிய அட்டை தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது கேட்பார்கள்.