69% இட ஒதுக்கீடு இருந்தும் எங்கள் அலுவலகத்தில் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை, பார்வையற்றவர் ஒருவர்கூட இல்லை. ஏன்?

கேள்வி தமிழ்நாடு அரசுத் துறைகளைப் பற்றியது. சட்டத்தில் குறை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை சட்டத்தில் இல்லை, துறையின் பணியமைப்புப் பிரிவில் இருக்கும் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. இனச்சுழற்சிப் பதிவேடு என்று அதற்குப் பெயர். வருகிற ஒவ்வொரு காலியிடமும் எந்தப் பிரிவுக்கு என்று வரிசை எண் போட்டுச் சொல்வது அது; அந்த வரிசை எண்தான் ‘புள்ளி’. அதைத் தப்பாக எழுதினால் எந்தச் சதவீதமும் ஆளாக மாறாது.

முதலில் கணக்கு. 1994ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம் 69% ஒதுக்கீட்டைத் தந்தது. அரசியலமைப்பின் 76ஆவது திருத்தம் வழியாக அது ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. பின்னர் 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5%, 2009இல் அருந்ததியருக்கு 3% என உள் ஒதுக்கீடுகள் வந்தன. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5%, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5% என்று அரை அரையாக வருவதால் நூறு புள்ளியில் கணக்கு முழு எண்ணாகாது. இருநூறு புள்ளியில் ஆகும்: பொதுப்பிரிவு 62, பிற்படுத்தப்பட்டோர் 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 7, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 40, ஆதிதிராவிடர் 30, அருந்ததியர் 6, பழங்குடியினர் 2.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு பதவிக்கு ஆண்டுக்கு 4 பேரை எடுக்கும் துறையில் 200 புள்ளி ஒரு சுற்று முடிய 50 ஆண்டு ஆகும். அந்த 50 ஆண்டில் பழங்குடியினருக்கு இரண்டே முறை. யாரும் அநியாயம் செய்யாமலேயே ஒரு தலைமுறை முழுக்க ஆள் வராமல் போக இது போதும். பதிவேட்டை மாவட்ட வாரியாக, பிரிவு வாரியாகத் துண்டு போட்டால் நிலைமை இன்னும் மோசம். பல்கலைக்கழகங்களில் இதே சிக்கல் வெடித்தது நினைவிருக்கலாம். பல்கலைக்கழகம் முழுவதையும் அல்ல, ஒவ்வொரு பாடத் துறையையும் தனி அலகாகக் கொண்டு ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஒதுக்கீட்டு இடங்கள் கரைகின்றன என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனத்தையும் ஒரே அலகாகக் கொள்ளும்படி 2019இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மாநிலத் துறைகளிலும் மருந்து அதுதான். ஒரே ஊதிய நிலை, ஒரே கல்வித்தகுதி, ஒரே பணி என்றால் பணிவிதியைத் திருத்தி ஒரே பதிவேட்டின் கீழ் கொண்டுவர வேண்டும். இதைத் துறைத்தலைவர் தன் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. அவர் முன்மொழிவு அனுப்ப வேண்டும், அரசு விதியைத் திருத்த வேண்டும்.

பதிவேட்டில் அடிக்கடி நடக்கும் தவறுகளில் முதலாவது, ஒவ்வொரு நியமனத்துக்கும் சுழற்சியை முதல் புள்ளியிலிருந்து தொடங்குவது. சென்ற முறை 37ஆவது புள்ளியில் நின்றிருந்தால் இம்முறை 38இல் தொடங்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முன்வரிசைப் புள்ளிகளே திரும்பத் திரும்ப நிரம்பும், பின்வரிசைக்கு முறை வரவே வராது. பழைய பதிவேடு தொலைந்தது, அலுவலகம் பிரிந்தது, புதிய மாவட்டம் உருவானது போன்ற நேரங்களில்தான் இது நடக்கிறது.

இரண்டாவது, பொதுப்பிரிவு என்றால் எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இல்லாத சாதியினருக்கான இடம் என்று நினைப்பது. அது யாருக்கும் ஒதுக்கப்பட்ட இடம் அல்ல. பொதுப்பட்டியலை மதிப்பெண் வரிசையில், சாதி பார்க்காமல் முதலில் போட வேண்டும். அதில் தன் மதிப்பெண்ணால் வந்த ஆதிதிராவிடர் பொதுப்பிரிவில்தான் எண்ணப்பட வேண்டும். அவரை 30இல் கழித்தால் வேறொரு ஆதிதிராவிடரின் வேலை போய்விட்டது என்று பொருள்.

அருந்ததியர் விஷயத்திலும் இதே வகைத் தவறு நடக்கிறது. அந்த 6 புள்ளியும் முன்னுரிமைதான், உச்சவரம்பு அல்ல. மீதி 30இல் மற்ற ஆதிதிராவிடர்களோடு போட்டியிட அவர்களுக்கு உரிமை உண்டு. பட்டியல் சாதிகளுக்குள் இப்படி உட்பிரிவு செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தெளிவாக்கிவிட்டது.

பெண்களுக்கான 30% கிடைமட்ட ஒதுக்கீடு. சாதிப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் உள்ளே அது ஓடுகிறது. 2007இல் ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வரிசை இது. பிற்படுத்தப்பட்டோர் 53 இடத்தை எடுத்துக்கொள்வோம். 30% என்றால் 16. முதலில் 53 பேரையும் மதிப்பெண்படி எடுங்கள், ஆண் பெண் பார்க்க வேண்டாம். அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள். 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேலை முடிந்தது. 12தான் என்றால், பட்டியலின் அடியில் இருக்கும் 4 ஆண்களை எடுத்துவிட்டு, வரிசையில் அடுத்த 4 பெண்களைச் சேருங்கள். 16 இடத்தைப் பெண்களுக்கென்று முதலிலேயே பிரித்து வைத்துவிட்டு மீதியை எல்லாருக்கும் திறப்பது தவறான வரிசை. அப்படிப் போட்ட பட்டியல் வழக்கில் சிக்கும், தேர்ச்சி பெற்ற எல்லாருமே ஆணைக்காகக் காத்துக் கிடக்க வேண்டிவரும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 4%தான் மிக எளிதாகக் காணாமல் போகிற ஒதுக்கீடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி பார்வை 1%, செவித்திறன் 1%, இயக்கக் குறைபாடு 1%. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை நான்காவது வகை, பல்வகைக் குறைபாடு ஐந்தாவது வகை; இந்த இரண்டுக்கும் சேர்த்து 1%. தகுதிக்குக் குறைந்தது 40% குறைபாட்டுச் சான்று வேண்டும். துறையில் ஆண்டுக்கு 10 காலியிடம்தான், 4% என்றால் 0.4, ஆகவே பூஜ்யம் என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதி மூடுவது பெரிய அநீதி. 25 காலியிடத்துக்கு ஒரு இடம் என்று தொடர்ந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். மத்திய அரசு இதற்காகவே 100 புள்ளியை 25 வீதம் நான்கு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இன்னொரு தப்பு, உகந்த பணி என்று அடையாளம் கண்ட இடங்களை மட்டும் வைத்துச் சதவீதம் போடுவது. பழைய சட்டத்தின் 3% இருந்தபோதே, 2013இல், மொத்தக் காலியிடங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதியானவர் கிடைக்காவிட்டால் இடம் அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும். அப்போதும் இல்லையென்றால் ஐந்து வகைகளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் ஆள் இல்லாதபோதுதான் மற்றவருக்கு.

ஆள் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், அவர் வேலை செய்ய முடிகிறதா? பார்வையற்ற ஊழியர் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக் கோப்பு படிக்கிறார். யூனிகோடு தமிழை அது படிக்கும். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். ஸ்கேன் செய்த படக்கோப்பு என்றால் வாயே திறக்காது. யூனிகோடைத் தரமாகக் கொள்ள வேண்டும் என்று 2010இலேயே அரசு முடிவெடுத்துவிட்டது. ஆகவே அலுவலகத்தில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: பழைய மாதிரிப் படிவங்களை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. சக்கர நாற்காலியில் வருபவருக்கான சாய்தளத்துக்கு அளவு 1:12. வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதவில்லை என்று 2 மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும்.

பணிக்காலத்தில் விபத்தால் குறைபாடு ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்தப் பணியைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், இடம் இல்லையென்றால் மிகைப் பணியிடம் உருவாக்க வேண்டும். அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இது. கட்டாய ஓய்வுக்கு எழுதித் தரும்படி அலுவலகத்தில் யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு வழியாகவும் இடங்கள் கரைகின்றன. துப்புரவு, காவல், கணினித் தட்டச்சு போன்றவை வெளிமுகமைக்குப் போகும்போது அந்த இடங்கள் பதிவேட்டிலிருந்தே விலகிவிடுகின்றன. சுழற்சி அரசு நியமனத்துக்கு மட்டுமே.

உங்கள் அலுவலகத்தில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் அவகாசம். பொதுவாக “இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா” என்று கேட்டால் “ஆம்” என்று ஒரு வரி வரும். பதவியின் பெயரைக் குறிப்பிட்டு இப்படிக் கேளுங்கள்: கடந்த மூன்று நேரடி நியமனங்களில் சுழற்சி எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிந்தது; நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் பிரிவு வாரியாக எத்தனை, எந்த ஆண்டிலிருந்து; 4% எந்த மொத்த எண்ணிக்கையின் மீது கணக்கிடப்பட்டது; பெயர்களை மறைத்த பதிவேட்டு நகல். மூன்றாம் நபர் தகவல் என்று மறுப்பதைத் தடுக்கத்தான் பெயர்களை மறைக்கச் சொல்கிறோம். பதில் வராவிட்டால், அந்த அவகாசம் முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முந்தைய நியமனம் முடிந்த புள்ளியும் அடுத்தது தொடங்கிய புள்ளியும் தொடர்ச்சியாக இல்லையென்றால் உங்கள் கேள்விக்கான விடை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.