விதையைப் பார்த்து உறவு சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு களைச்செடிகள் வளர்கின்றன. இலையிலும் பூவிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விதையை லென்ஸில் பார்த்தால் ஒன்று வழவழப்பாகவும் இன்னொன்று குமிழ் குமிழாகவும் இருக்கிறது. இலை மண்ணுக்கேற்ப மாறும், விதை அப்படி மாறாது என்கிறார்கள். விதையை மட்டும் வைத்து இவை வேறு வேறு சிற்றினங்கள் என்று முடிவு செய்யலாமா? எது எதற்குச் சொந்தம் என்பதையும் விதையே சொல்லிவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டுவிட்டீர்கள். பிரித்தறிவது வேறு, உறவு சொல்வது வேறு. முதல் வேலைக்கு விதை நல்ல சாட்சி, இரண்டாவதற்கு அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு.

மான்ஷியா ஃபான்டானா என்றொரு சின்னஞ்சிறு ஈரநிலச் செடி இருக்கிறது. ஓடும் தண்ணீரில் வளர்ந்தால் தண்டு நீண்டு மிதக்கும், கொஞ்சம் காய்ந்த இடமென்றால் அதே செடி குட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். தோற்றத்தை வைத்து அதன் துணையினங்களை, அதாவது ஒரே சிற்றினத்தின் உட்பிரிவுகளை, பிரிக்கப் பார்த்தால் தலைதான் சுற்றும். அதனால் முற்றிய விதையைப் பார்க்கிறார்கள்: ஒரு துணையினத்தின் விதை வழவழவென்று மின்னும், இன்னொன்றில் மேற்பரப்பு முழுக்கச் சிறு குமிழ்கள் நிறைந்து மங்கலாக இருக்கும், மற்றவை இடைப்பட்டவை. விதையுறையின் வெளிச்செல்கள் எப்படிப் புடைக்கின்றன, அவற்றின் சுவர் எப்படித் தடிக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது, அந்த வருடத்து மழை அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே யோசஃப் கேர்ட்னர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களின் கனிகளையும் விதைகளையும் அறுத்துப் பார்த்து, படம் போட்டு வெளியிட்டார். மின்னணு நுண்ணோக்கி வந்தபிறகு செல்சுவரின் வளைவு நெளிவு வரை பார்க்க முடிகிறது.

ஆனால் ஸ்பெர்குலேரியா பேரினத்துக்கு வாருங்கள். அதில் சில சிற்றினங்களின் விதையைச் சுற்றி மெல்லிய சவ்வுச் சிறகு இருக்கும், சிலவற்றில் இருக்காது. பிரிக்க எவ்வளவு வசதி! ஸ்பெர்குலேரியா மரினா இந்த வசதியைக் கெடுத்துவிடும். அதன் ஒரே காய்க்குள் சிறகுள்ள விதையும் சிறகில்லாத விதையும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. ஒரு விதையைப் பொறுக்கி எடுத்துப் பெயர் சூட்டினால் ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு வீட்டுக்காரர்கள் என்று எழுதிவைப்போம்.

உறவு விஷயம் இன்னும் சிக்கல். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். பிற செடிகளின் வேரில் ஒட்டுண்ணியாக வாழும் ஓரோபாங்கியின் விதையும் தூசிதான். இரண்டும் துளிகூட நெருங்கிய சொந்தமில்லை. ஒன்று முளைக்கும்போது பூஞ்சையிடம் உணவு வாங்குகிறது, மற்றொன்று அடுத்த செடியின் வேரிடம். ஆக இரண்டுமே விதைக்குள் பெரிதாகச் சேமித்துவைக்கத் தேவையில்லை, சிறுத்துவிட்டன. பிழைக்கும் வழி ஒன்றானதால் வந்த ஒற்றுமை இது. ஆர்க்கிட் குடும்பத்துக்கு உள்ளே மட்டும் ஒப்பிட்டால் அதே தூசியின் உறைவடிவம் உட்குழுக்களைப் பிரிக்க உண்மையிலேயே உதவுகிறது. எந்த மட்டத்தில் ஒப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

சரி, உங்கள் செடிகள். காய் தானாக வெடிக்கும் பருவத்தில் எடுத்த விதையாக இருக்கட்டும், பச்சை விதையில் குமிழ் இன்னும் உருவாகியிருக்காது. வழவழப்பாக இருந்தது முற்றாத விதைதானோ என்றுதான் எனக்கு முதல் சந்தேகம். பல செடிகள், பல காய்கள் என்று கலந்து எடுங்கள். அளவை நம்பாதீர்கள், காய்க்குள் எந்த இடத்தில் இருந்தது, செடிக்கு எவ்வளவு ஊட்டம் கிடைத்தது என்பதைப் பொறுத்து அது மாறும். விதைத்தழும்பின் (விதை காயோடு ஒட்டியிருந்த வடுவின்) இடமும் விதையின் மேற்பரப்பும் அதைவிட மேல். அப்புறம், பார்ப்பது விதைதானா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். சூரியகாந்தி ‘விதை’யின் ஓடு உண்மையில் கனியின் தோல், அதை வேறொன்றின் விதையுறையோடு ஒப்பிட்டால் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், இரண்டையும் ஒரே மண்ணில் தனித்தனியாக விதைத்து, அடுத்த தலைமுறை விதை தாயைப் போலவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது மண்ணின் வேலை இல்லை என்றாகும். அது தனிச் சிற்றினமா, வெறும் வகையா என்பதை அப்போதும் விதையால் மட்டும் சொல்ல முடியாது, பூவின் உள்ளுறுப்புகளையும் முடிந்தால் மரபணுவையும் பார்த்தாக வேண்டும்.