பழைய சிடியில் தீர்மானங்கள்: பைதான் படிக்கத்தான் வேண்டுமா?

பதிவறைப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது, 2001 முதலான கூட்டத் தீர்மானங்கள் சிடியில் கிடக்கின்றன, திறந்தால் குப்பை எழுத்து, பைதான் என்ற நிரல்மொழி படிக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து, கோப்புக்கோப்பாக ஷா-256 செக்சம் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு பிட் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஒரு நகலாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

அந்தக் குப்பை எழுத்து, கோப்பு கெட்டதால் வந்ததாக இருக்காது. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தரும் ‘டிராய்ட்’ மென்பொருள் இது எந்த வேர்டு பதிப்பு என்று சொல்லும், ஆனால் எழுத்துமுறை பாமினியா, ‘டாப்’ (TAB) முறையா, ‘டாம்’ (TAM) முறையா என்று சொல்லாது, அதை நீங்கள்தான் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். எழுத்துருக் கோப்பையும் தேடிப்பிடித்துக் கூடவே வையுங்கள்.

சிலர் நேரே பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் பாதுகாக்கவென்றே உள்ள பிடிஎஃப் வகை) ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றி, கையெழுத்திட்ட தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, யார், எப்போது, எந்தக் கருவியால் மாற்றினார் என்று எழுதி வையுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள்.

அப்புறம், சில வருடங்களுக்கு ஒருமுறை வட்டு மாற்றப் பணம் கேட்டு வாங்கத் தெரியணும். பைதானைவிட அது கஷ்டம்.