ஈர்ப்பு இரு மடங்கானால் உயிர்களெல்லாம் தட்டையாகிவிடுமா?

பூமியைவிட ஈர்ப்பு விசை மிகுந்த கோள்களில் உயிர்கள் எப்படிப் பரிணமிக்கும், எல்லாம் குட்டையாக, தட்டையாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரையில் வாழும் பெரிய விலங்குகளுக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும் என்பது என் பதில்.

முதலில், 'மிகுந்த' என்றால் எவ்வளவு? சனிக்கோளின் நிறை பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் அதன் மேகமட்டத்தில் ஈர்ப்பு கிட்டத்தட்ட நம்முடைய அளவுதான். நிறையோடு ஆரமும் கூடி, மையத்திலிருந்து மேற்பரப்பு தள்ளிப்போய்விடுவதுதான் காரணம். 2017-இல் கண்டுபிடித்த, வேறொரு விண்மீனைச் சுற்றும் எல்எச்எஸ் 1140 பி என்ற கோளுக்குப் பூமியைப் போலச் சுமார் 5.6 மடங்கு நிறை, 1.7 மடங்கு ஆரம். கணக்குப் போட்டால் ஈர்ப்பு 1.9 மடங்குதான் வருகிறது. பத்து மடங்கு, நூறு மடங்கெல்லாம் கதைக்குச் சரி. நாம் இரண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

கடலில் பெரிதாக ஒன்றும் மாறாது. மீனின் எடை இரட்டிப்பானால் அதைத் தாங்கும் மிதப்பு விசையும் இரட்டிப்பாகிவிடும். ஆழம் போகப்போக அழுத்தம் இரு மடங்கு வேகத்தில் ஏறும், அவ்வளவுதான். இங்கேயே 8,300 மீட்டருக்குக் கீழே மீன்கள் நீந்துகின்றன. நுண்ணுயிர்களுக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மையவிலக்கியில் (வேகமாகச் சுழற்றி, மிகுந்த ஈர்ப்பு போன்ற விசையை உண்டாக்கும் கருவி) சுழற்றியபோது, ஈ.கோலை பாக்டீரியா புவியீர்ப்பைப் போல நான்கு லட்சம் மடங்கிலும் பெருகியது!

சிக்கல் தரையில்தான். உடலின் எடை கன அளவைப் பொறுத்தது. எலும்பின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உருவம் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், வலிமை நான்கு மடங்குதான் ஆகும். இதைக் கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். ஆகவே ஈர்ப்பு இரட்டித்தால், அதே உடலமைப்புள்ள விலங்கின் உயர வரம்பு பாதியாகும், எடை எட்டில் ஒன்றாகும். மூன்று மீட்டர் உயரமும் ஆறு டன் எடையும் உள்ள யானை, ஒன்றரை மீட்டரும் 750 கிலோவுமாகச் சுருங்கும். அதாவது ஒரு நல்ல எருமைக்கடா அளவு. மோசமில்லையே! மான், நாய் அளவு விலங்குகள் எலும்பு கொஞ்சம் தடித்து ஓடித் திரியலாம். எறும்புக்கு வித்தியாசமே தெரியாது. ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து மட்டும் கஷ்டம். தலைவரை ரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், இங்கேயே அதன் ரத்த அழுத்தம் நம்மைப்போல இரு மடங்கு.

ஆறு கால், எட்டு கால் முளைக்கும் என்று பலர் சொல்வதை நான் நம்பவில்லை. நமக்கு நான்கு வந்தது மீன் மூதாதையரின் துடுப்புகளிலிருந்து. எடையைக் கணக்குப் பார்த்து வரவில்லை. இரண்டு காலில் நடப்பதுதான் உண்மையில் அபாயம். பாதி உயரமுள்ள உடல், இரு மடங்கு ஈர்ப்பில், பாதி நேரத்தில் சாய்ந்துவிடும். சுதாரிக்க நரம்புகள் இரு மடங்கு வேகமாக வேலை செய்தாக வேண்டும். அதனால் அங்கே கருவி பிடிக்கும் புத்திசாலி உயிர் ஒன்று வந்தால், நான்கு காலையும் தரையில் ஊன்றியபடி தும்பிக்கை போன்ற உறுப்பால்தான் பிடிக்கும் என்பது என் ஊகம்.