சுவிட்ச் போர்டுக்குள் நியூட்ரல் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்குகளும் ஒரு மின்விசிறியும் உள்ளன. அவற்றைக் கைபேசியிலிருந்து இயக்க விரும்புகிறேன். சுவிட்சுகளை எல்லாம் கழற்றிவிட்டுத் தொடுசுவிட்ச் பலகைகள் பொருத்த வேண்டும் என்கிறார் ஒருவர். பல்புகளை மட்டும் ஸ்மார்ட் பல்புகளாக மாற்றினால் போதும் என்கிறார் மற்றொருவர். செலவு குறைய எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஸ்மார்ட் பல்பு நிறம் மாறுவதற்கு நல்லது; ஆனால் வீட்டில் யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்புக்கு மின்சாரமே போகாது, கைபேசியால் அதை எழுப்பவும் முடியாது. அதோடு மின்விசிறிக்கு அது எந்த வகையிலும் உதவாது. தொடுசுவிட்ச் பலகை பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் உள்ள சுவிட்சுகளைத் தூக்கி எறிவதற்கு அழகு மட்டும் காரணமாகாது.

நான் பரிந்துரைப்பது, இருக்கும் சுவிட்சுகளுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே மறைத்துவைக்கும் ரிலே மாட்யூலை (ரிலே என்பது மின்சைகையால் இயங்கும் சுவிட்ச்). ஒரே மின்வழங்கியையும் ஒரே வைஃபை சில்லையும் நான்கு ரிலேக்கள் பகிர்ந்துகொள்வதால், தனித்தனியாக நான்கு மாட்யூல்கள் வாங்குவதைவிட ஒரு நான்கு சானல் மாட்யூல் (ஒரு ரிலே ஒரு சானல்) சிக்கனமானது. உங்கள் அறைக் கணக்குக்கு அறைக்கு ஒன்று போதும். ஒரு சானல் மீதியும் இருக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்து பாருங்கள். விளக்கு அணைந்திருக்கும்போதும் மாட்யூல் விழித்திருக்க வேண்டும் என்பதால், அதற்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் எந்நேரமும் தேவை. சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. அதனால் பல வீடுகளில் ஃபேஸ் மட்டும் சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து விளக்குக்குத் திரும்பிவிடும். நியூட்ரல் கூரையோடு நின்றுவிடும். உங்கள் போர்டில் பிளக் சாக்கெட் இருந்தால் கவலையில்லை, நியூட்ரல் இல்லாமல் சாக்கெட் இயங்காது. சாக்கெட் இல்லாத போர்டில்தான் கவனம் வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே ஒரு கம்பி நியூட்ரல் ஆகிவிடாது. அணைத்துவைத்த விளக்குக்குப் போகும் கம்பியிலும் அது எரியாது. மல்டிமீட்டரும் ஏமாற்றும், ஃபேஸுக்கும் அந்த விளக்குக் கம்பிக்கும் நடுவே வைத்தால், விளக்கின் வழியாகவே நியூட்ரலைத் தொட்டு ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். எனவே விளக்குக்கும் விசிறிக்கும் போகும் கம்பிகளை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டே மிச்சமுள்ள கம்பியைச் சோதிக்க வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். மின்சாரம் ஓடும்போது செய்யும் இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே சரி.

நியூட்ரல் இல்லை என்றால் சிலர் எர்த் கம்பியில் இணைத்துவிடுகிறார்கள். அது குற்றம் என்றே சொல்வேன். எர்த் எங்காவது அறுந்தால், அதில் இணைந்துள்ள உலோக உறைகள் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறும். வேறொரு சர்க்கியூட்டின் நியூட்ரலை இரவல் வாங்குவதும் தவறு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாததால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். குழாயில் இடம் இருந்தால் கூடுதலாக ஒரு கம்பி இழுப்பதே முறையான வழி. நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல்களும் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகச் சிறு மின்னோட்டத்தைக் கசியவிட்டு உயிர்வாழ்பவை. குறைந்த வாட் எல்.இ.டி. அணைத்த பிறகும் மினுக்குவது அதனால்தான், அதற்காக விளக்கோடு ஒரு சிறு கண்டென்சரை இணையாகச் சேர்க்கச் சொல்வார்கள். கம்பி இழுக்கவே முடியாத ஒற்றை விளக்குக்கு இதை ஏற்கலாம். விசிறிக்கு வேண்டாம்.

கேள்வி: ரிலே மாட்யூலில் மின்விசிறியை இணைத்தேன், ஓடவும் நிற்கவும் செய்கிறதே தவிர வேகத்தை மாற்ற முடியவில்லை. விளக்குகளுக்கான ஸ்மார்ட் டிம்மர் மலிவாகக் கிடைக்கிறது. அதில் விசிறியை இணைக்கலாமா?

பதில்: இணைக்கக் கூடாது. டிம்மர் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்புகிறது. இழை பல்புக்கு அதில் சங்கடம் இல்லை. ஆனால் சாதாரண சீலிங் ஃபேனுக்குள் இருப்பது கண்டென்சரால் இயங்கும் இண்டக்‌ஷன் மோட்டார்; வெட்டுப்பட்ட அலையில் அது முனகும், சூடாகும். நீங்கள் விசிறிக்கென்றே செய்த ஸ்மார்ட் மாட்யூலைத் தேட வேண்டும். நல்ல விசிறி மாட்யூலில் சில மைக்ரோஃபாரட் அளவுள்ள இரண்டு, மூன்று கண்டென்சர்கள் இருக்கும். ரிலேக்கள் அவற்றைத் தனியாகவும் சேர்த்தும் மோட்டாரோடு தொடராக இணைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும், உச்ச வேகத்தில் அவற்றை விலக்கி நேராக அனுப்பும். அலை வெட்டுப்படாததால் சத்தம் வராது. வேகம் மாற்றும்போது உள்ளே டக் என்று ரிலே ஒலிப்பதும், சதவீதமாக அல்லாமல் நான்கைந்து படிகளாக வேகம் மாறுவதும் இவ்வகையின் அடையாளங்கள். விசிறியின் கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சர் வேறு, அது மோட்டார் சுழல்வதற்கே தேவையானது, அதைத் தொடாதீர்கள்.

விசிறி மாட்யூலைப் பொருத்தினால் பழைய ரெகுலேட்டரை வழியிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் குறைந்த வேகத்தில் மோட்டார் கிளம்பாமல் சூடேறி நிற்கலாம்.

இதைவிடச் சிக்கனமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ரிலே சானலிலிருந்து வரும் கம்பியைப் பழைய ரெகுலேட்டருக்குக் கொடுத்து, அங்கிருந்து விசிறிக்கு அனுப்புங்கள். நிறுத்தவும் ஓட்டவும் கைபேசி, வேகத்துக்குச் சுவரிலுள்ள திருகு. ஒருமுறை மூன்றில் வைத்தால் வாரக்கணக்கில் மூன்றிலேயே விடுபவர்களுக்கு (நானும் அவர்களில் ஒருவன்) இதுவே போதும்.

கேள்வி: பி.எல்.டி.சி. விசிறிக்கும் (தூரிகையில்லா நேர்மின் மோட்டார் கொண்டது) இதே விசிறி மாட்யூல் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அந்த விசிறிக்குள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அது பழுதாகலாம். ரெகுலேட்டரை நீக்கி நேரடி மின்சாரம் கொடுங்கள். அகச்சிவப்பு ரிமோட்டில் இயங்கும் விசிறி என்றால், அந்தச் சைகைகளைக் கற்றுத் திருப்பி அனுப்பும் ஸ்மார்ட் ரிமோட் கருவி ஒன்றே அந்த அறைக்குப் போதும்.

கேள்வி: பழைய சுவிட்சையும் மாட்யூலோடு இணைத்திருக்கிறோம். ஆனால் சுவிட்ச் கீழே இருக்கும்போது சில நேரம் விளக்கு எரிகிறது, சில நேரம் அணைந்திருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால் எல்லா விளக்குகளும் தாமே எரிகின்றன. பழுதா?

பதில்: இரண்டும் பழுதல்ல. இப்போது உங்கள் சுவிட்ச் விளக்குக்கு மின்சாரம் தருவதில்லை. 'நிலையை மாற்று' என்ற சைகையை மட்டும் மாட்யூலுக்குத் தருகிறது. கைபேசியில் அணைத்த விளக்கைச் சுவிட்சால் ஏற்றினால் சுவிட்சின் திசை மாறித்தான் நிற்கும், மாடிப்படி விளக்கின் இருவழிச் சுவிட்சைப் போல. அந்தச் சைகை முனைகளுக்கு வெளியிலிருந்து ஃபேஸ் கொடுக்கலாமா என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். தவறாகக் கொடுத்தால் மாட்யூல் புகைந்துவிடும், எனவே கூடவரும் படத்தைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் செயலியில் தனி அமைப்பு இருக்கும். விளக்குகளுக்கு 'அணைந்தே இரு' என்றும் விசிறிக்கு 'முன்பிருந்த நிலை' என்றும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: இணையம் அறுந்தால் விளக்கு போடவே முடியாதா?

பதில்: சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்யும், அதற்காகத்தான் அதைக் கழற்ற வேண்டாம் என்கிறேன். கைபேசிக் கட்டளை மட்டும், மாட்யூல் வெளி சர்வரை நம்பியிருந்தால் நின்றுபோகும். 2022இல் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரத்தில் இயங்குபவையும், ஹப் என்ற மையக் கருவி வழியாகச் செல்லும் ஜிக்பீ (வைஃபை அல்லாத ஒரு கம்பியில்லாத் தொடர்பு முறை) வகைகளும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ள வல்லவை. வைஃபை வகை வாங்கினால், பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதையும், இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் மங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மீதமுள்ள சானலில் வாட்டர் ஹீட்டரை இணைக்கலாமா?

பதில்: 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மாட்யூலின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், பல மாட்யூல்களில் அது எல்லாச் சானல்களுக்கும் சேர்ந்த உச்சவரம்பு. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அவ்வளவு மின்னோட்டம் நெடுநேரம் ஓடினால் முனைகள் கருகும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் தாங்கும் தனி மாட்யூலும் தனி வயரிங்கும் வேண்டும். மீதமுள்ள சானலைக் காலியாகவே விடுங்கள். நாளை ஒரு ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால், விளக்குக் கம்பியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.