சட்டக் கல்வியில் சமயம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சட்டம் படிக்க விரும்புகிறாள். சமய அமைப்பு ஒன்று நடத்தும் கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அமெரிக்காவில் மதபோதகர் ஒருவர் தொடங்கிய சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் அரசுக்குள் புகுந்து முறைகேடு செய்ததாக உறவினர் சொல்கிறார். இங்கும் அப்படி நேருமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் உறவினர் குறிப்பிடுவது, தொலைக்காட்சி மதபோதகர் பாட் ராபர்ட்சன் வர்ஜீனியாவில் நிறுவிய ரீஜென்ட் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். அங்கே சட்டம் பயின்ற மோனிகா குட்லிங், புஷ் ஆட்சியில் நீதித் துறையின் உயர் பொறுப்பில் இருந்துகொண்டு, கட்சி பாராமல் நிரப்ப வேண்டிய வழக்கறிஞர், குடிவரவு நீதிபதிப் பணிகளுக்கு வந்தவர்களின் அரசியல் சார்பை எடைபோட்டார். 2007இல் அவர் பதவி விலகினார். அவர் செய்தது சட்டமீறல் என்று துறையின் உள்விசாரணை அறிக்கை 2008இல் கூறியது. குற்றம் ஆளெடுப்பில் நடந்தது. அதற்காக அக்கல்லூரியில் படித்த எல்லோர் மீதும் பழி போடுவது நியாயமாகாது.

இங்கே நிலைமை வேறு. கல்லூரியை எவர் நடத்தினாலும் கட்டாயப் பாடங்களை வகுப்பது இந்திய பார் கவுன்சில். வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டியது அகில இந்திய பார் தேர்வு. உரிமையியல் நீதிபதியாக விரும்பினால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் மாணவரின் சம்மதமின்றி, பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோரின் சம்மதமின்றி, வழிபாட்டிலோ சமய போதனையிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது என்பது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. ஆகவே, பணம் கட்டுமுன் விடுதி விதிகளையும் கையொப்பமிடச் சொல்லும் உறுதிமொழித் தாளையும் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். கனடாவில் டிரினிட்டி வெஸ்டர்ன் என்ற கிறித்தவப் பல்கலைக்கழகம் தொடங்கவிருந்த சட்டப் பள்ளிக்கு அப்படியொரு நடத்தை உறுதிமொழியாலேயே சில மாகாண வழக்கறிஞர் சங்கங்களின் ஒப்புதல் கிடைக்காமல் போனது; 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சங்கங்களின் முடிவையே ஏற்றது.

சமயமே கலவாத சட்டப் படிப்பு வேண்டுமென்றால், அது நம் நாட்டில் எங்கும் கிடைக்காது. நம் பக்கத்துக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அருமைக்காரர் முன்னின்று இணைச்சீர் முதலான சீர்களைச் செய்து, மங்கல வாழ்த்துப் பாடி நடக்கும் கொங்கு வேளாளர் திருமணத்தை, வழக்கச் சடங்கு என்ற முறையில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஏற்கிறது. சடங்கே வேண்டாமென்று ஈரோட்டுப் பெரியாரின் இயக்கம் பரப்பிய சுயமரியாதைத் திருமணத்தை, அண்ணா ஆட்சியில் 1967இல் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு ஏற்கிறது. குடும்பச் சட்டம் கட்டாயப் பாடம் என்பதால், இவற்றோடு முஸ்லிம், கிறித்தவச் சட்டங்களையும் உங்கள் மகள் படித்தாக வேண்டும். சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு, சமய போதனை வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அக்கல்லூரி இந்த எல்லையை மதிக்குமானால், தயங்காமல் சேர்த்துவிடலாம் என்பதே என் கருத்து.

கேள்வி: சமயப் பற்று மிக்கவர் அமைச்சராகவோ நீதிபதியாகவோ இருப்பது சரிதானா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தாராளமாக இருக்கலாம். பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவிய தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார்தான் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அரசமைப்பை எழுதிய அவையில் ஜெரோம் டிசூசா என்ற இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். 2017இல் முத்தலாக் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளும் ஐந்து வெவ்வேறு சமயத்தவர். தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு எனப் பிரிந்தபோது, அம்முறை செல்லாது என்றவர்களில் ஒருவரான கிறித்தவ நீதிபதி குர்ஆனையே ஆராய்ந்து எழுதினார். சீக்கியரான தலைமை நீதிபதியும் முஸ்லிம் நீதிபதியும் மறுபக்கம் நின்றார்கள்.

நாம் கண்காணிக்க வேண்டியது பணி நியமனத்தை. அரசு வேலையில் சமயத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 16(2)ஆம் பிரிவு. சமய நிறுவனங்களோடு தொடர்புடைய பதவிகளுக்கு மட்டும் 16(5) விலக்களிக்கிறது. அறநிலையத் துறை ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும் என்ற விதி நிற்பது அதன் பலத்தில்தான். பிற அரசுப் பணிக்கான நேர்காணலில் உங்கள் வழிபாட்டைப் பற்றிக் கேட்டால், அக்கேள்விக்கும் பணிக்கும் என்ன தொடர்பு என்று மரியாதையுடன் திருப்பிக் கேளுங்கள். வெளியே வந்ததும் தேதியோடு குறித்துவைத்து, தேர்வாணையத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள்.