காண்டாக்ட் ஃபார்மில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறது, ஆனால் மெயில் வருவதில்லை. வேறு ஃபார்ம் பிளகின் போட்டால் சரியாகுமா?

ஆகாது. உங்களுடையது வேர்ட்பிரஸ் தளம், ஷேர்ட் ஹோஸ்டிங் (பல தளங்களுக்கு ஒரே சர்வர்), எஸ்எம்டிபி (மெயில் சர்வரில் லாகின் செய்து அனுப்பும் முறை) எதுவும் அமைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் "பிளகின்னை மாத்துங்க" என்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். எந்த ஃபார்ம் பிளகின்னாக இருந்தாலும், வேறு ஏற்பாடு செய்யாதவரை, கடைசியில் சர்வரிலேயே இருக்கும் மெயில் அனுப்பும் வசதியான பிஎச்பி மெயிலிடம்தான் கடிதத்தைக் கொடுக்கிறது. சர்வர் வாங்கிக்கொண்டதுமே 'அனுப்பப்பட்டது' என்று வந்துவிடும். போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இசை வகுப்பு நடத்தும் ஒரு ஆசிரியையின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். "ஃபார்ம் நிரப்பியும் நீங்க பதிலே போடலையே" என்று ஒரு பெற்றோர் அவரிடம் நேரில் கேட்டிருக்கிறார். பாவம், ஆசிரியை மிகவும் நொந்துபோனார். பார்த்தால், யாஹூ முகவரி கொடுத்தவர்களின் விசாரணை ஒன்றுகூட வந்திருக்கவில்லை. ஜிமெயில்காரர்களுடையது ஸ்பேமில் கிடந்தது. ஸ்பேமில் இருந்த ஒன்றைத் திறந்து, மெயிலின் முழு விவரத்தைக் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' பார்த்தேன். எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைன் அனுமதி தந்திருக்கிறதா என்ற சோதனை) பாஸ், டிமார்க் (ஃப்ரமில் இருக்கும் டொமைனோடு அது பொருந்துகிறதா என்ற சோதனை) ஃபெயில்.

தளத்தை முதலில் அமைத்தவர் 'ஃப்ரம்' பகுதியில் ஃபார்ம் நிரப்புபவரின் முகவரியையே வைத்திருந்தார். அதாவது, ஹோஸ்டிங் சர்வர் யாஹூ பயனர் பெயரில் மெயில் அனுப்புகிறது. எஸ்பிஎஃப் பாஸானது ஹோஸ்டிங்காரரின் டொமைனுக்கு. ஃப்ரமில் இருக்கும் டொமைனோடு அது பொருந்தவில்லை. அப்படி வருவதை நிராகரியுங்கள் என்று யாஹூ 2014-லேயே டிமார்க்கில் அறிவித்துவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு அவ்வளவு கறார் இல்லாததால் ஸ்பேம் வரைக்குமாவது வந்திருக்கிறது.

ஃப்ரமில் உங்கள் சொந்த டொமைன் முகவரியை வையுங்கள். வாடிக்கையாளர் முகவரி 'ரிப்ளை-டு'வுக்குப் போகட்டும். பிறகு எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, போர்ட் 587 வழியாக லாகினோடு அனுப்புங்கள். டிகேஐஎம், அதாவது மெயிலில் உங்கள் டொமைனின் டிஜிட்டல் கையெழுத்து, போடுங்கள். யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுச் சேவைக்கென்று இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இருப்பதிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

உங்கள் மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்ட்டிலோ இருந்தால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ஈமெயில் ரவுட்டிங்'கையும் பாருங்கள். 'லோக்கல்' என்றிருந்தால் சர்வர் தன்னிடமே மெயிலைப் போட்டுக்கொள்ளும், வெளியே விடாது. 'ரிமோட்' என்று மாற்றுங்கள்.

"ஜிமெயிலின் இந்த விதியெல்லாம் தினம் 5000 மெயில் அனுப்புபவர்களுக்குத்தானே" என்று யாராவது கேட்பார்கள். டிமார்க் கட்டாயம் என்பது அவர்களுக்குத்தான். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து, எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வேண்டும் என்று எல்லோரிடமும்தான் ஜிமெயில் கேட்கிறது.

இத்தனையும் தெரிந்தும் எனக்கு உடனே செய்ய முடியவில்லை. டொமைனின் ரெக்கார்டுகளை மாற்ற வேண்டிய டிஎன்எஸ் லாகின், தளத்தை முதலில் அமைத்த அந்தப் பழைய ஆளிடம் இருந்தது. டொமைனுக்குப் பணம் கட்டியது ஆசிரியை, பதிவு அந்த ஆள் பெயரில்! போனை எடுக்கவே மாட்டார். அடுத்தவர் காசில் வாங்கிய டொமைனைத் தன் பெயரில் பதிந்துகொள்வது என்ன நியாயம்? அதை மீட்கத்தான் அலைச்சல்; மெயில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது.

நீங்கள் வைத்திருப்பது காண்டாக்ட் ஃபார்ம் 7 என்றால் அது எதையும் தானாகச் சேமிக்காது. இன்றைக்கே ஃபார்மில் வருவதைச் சேமிக்கும் ஃபிளமிங்கோ பிளகின்னைப் போட்டுவிடுங்கள், மெயில் சரியாகும் வரை வரும் விசாரணைகளாவது தளத்திலேயே இருக்கும்.